துடைப்பக் குச்சியளவு வால்வெள்ளி

கடற்கரை மணலில் கேமரா முக்காலியை அசையாமல் நிறுத்துவதற்கு மூன்று கொட்டாங்குச்சிகள் வேண்டும். அவற்றைக் கவிழ்த்து மணலில் அழுத்திப் பதித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் முக்காலியின் ஒரு காலை ஊன்ற வேண்டும். இல்லாவிட்டால் அலை வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் ஈரமணல் கொஞ்சம் இளகும், முக்காலியும் அதனோடு நூலளவு இறங்கும். பகலில் எடுக்கும் படத்தில் அந்த நூலளவைக் கண்டுபிடிக்கவே முடியாது. இரவில் இரண்டு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கும் படத்தில் புள்ளியாக இருக்க வேண்டிய விண்மீன்கள் அனைத்தும் சீரகச் சம்பா அரிசியாக நீண்டுவிடும். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையில் இரண்டு விடியற்காலைகளை வீணாக்கிய பிறகு மூன்றாம் நாள்தான் வீட்டிலிருந்து கொட்டாங்குச்சிகளை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் படமெடுக்கப் போனது சி/2023 ஏ3 என்று குறிக்கப்படும் சுசின்ஷான்–அட்லஸ் வால்வெள்ளியை. 2023 ஜனவரியில் சீனாவின் சுசின்ஷான் ஆய்வகத்திலும், அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டதால் இரண்டு பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. 2024 செப்டம்பர் 27 அன்று அது சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழப் புதன் கோளின் தொலைவில், அதாவது 6 கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சுற்றித் திரும்பியது. அதற்கு முன்னால் ஜூலையிலேயே செகனினா என்ற மூத்த வானியலாளர், இந்த வால்வெள்ளி சூரியனை நெருங்கும் முன்பே உதிர்ந்து போய்விடும் என்று கணித்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நானும் ஆசையை மூட்டை கட்டி வைத்திருந்தேன். ஆனால் அது உதிரவில்லை. செப்டம்பர் கடைசி வாரத்தில் தென்கோளத்திலிருந்து படங்கள் வரத் தொடங்கியபோது, மூட்டையைப் பிரித்து லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன்.

இந்த வால்வெள்ளிக்குக் கடலூர் நல்ல இடம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த நாட்களில் அது சூரியனுக்கு முன்னதாகக் கிழக்கே உதித்தது. ஐரோப்பாவின் வடபகுதியில் இருந்தவர்களுக்கு வானம் வெளுக்கும் முன் அது அடிவானத்தைத் தாண்டி எழும்பவே இல்லை. நமக்கோ சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக மேலேறும் ஊர் என்பதால், சூரியனிலிருந்து சுமார் 20 பாகை விலகியிருந்த வால்வெள்ளி அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முந்தி எழுந்தது. கிழக்கே மரமோ மாடியோ மலையோ மறைக்காமல் வங்கக்கடல் விரிந்து கிடக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் படமெடுக்கக் கிடைத்த அவகாசம் ஒரு நாளைக்கு அரை மணி நேரந்தான். அதற்கு முன்னால் வால்வெள்ளி கடற்காற்றின் கலங்கலில் மூழ்கியிருக்கும். அதற்குப் பின்னால் விடியல் அதை விழுங்கிவிடும்.

அந்தக் கலங்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர ஊர்க்காரர்கள் வானத்தைப் படமெடுக்கையில் தோற்பது பெரும்பாலும் அதனிடந்தான். தலைக்கு நேர் மேலே உள்ள விண்மீனின் ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வருகிறதோ, அதைப் போலச் சுமார் 10 மடங்கு காற்றை, அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருக்கும் ஒன்றின் ஒளி கடக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கின்றன. கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதில் பாதி உயரத்துக்கு வரும் வரை எந்த வால்வெள்ளியும் பாதி உயிரோடுதான் இருக்கும். மலையுச்சியிலிருந்து எடுத்த நண்பர்களின் படங்களோடு நம் படத்தை ஒப்பிட்டு மனம் நொந்துகொள்வதில் பயனில்லை.

முதல் முயற்சி செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கு எழுந்து, மஞ்சக்குப்பத்திலிருந்து வண்டியில் பத்து நிமிடத்தில் கடற்கரையை அடைந்து, உயர்கம்ப விளக்கின் வெளிச்சம் எட்டாத இடம் தேடித் தாழங்குடா இருக்கும் வடதிசையில் நடந்தேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தெற்கே அகத்தியர் விண்மீன், உச்சிக்கு அருகில் வியாழன், அதற்குக் கீழே திருவாதிரை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போலிருந்தது. கேமராவை எடுத்து மாட்டினேன், கைபேசிச் செயலியில் திசையைச் சரிபார்த்தேன், ஐந்து மணியிலிருந்து நிறுத்தாமல் 140 படங்கள் எடுத்தேன். திரையில் சிறியதாகப் பார்த்தபோது ஏதோ ஒரு வெண்கீற்று இருந்தது. அதில் மகிழ்ந்து, வழியில் டீ குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

கணினியில் திறந்து பார்த்தபோது எல்லா விண்மீன்களைச் சுற்றியும் நிலவுக்குக் கோட்டை கட்டியதுபோல் ஓர் ஒளிவட்டம். வால்வெள்ளி, நனைந்த காகிதத்தில் விழுந்த மைத்துளியாகப் பரவியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கேமரா இரவு முழுவதும் ஏசி அறையில் இருந்தது. கடற்கரையின் ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடியை நீட்டினால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் புறத்தே வியர்ப்பதைப் போல லென்ஸும் வியர்க்கும். இருட்டில் அது தெரியாது. நான் இடையில் ஒருமுறை சட்டை நுனியால் துடைத்தது வேறு, உப்புப் படலத்தை ஒரே சீராகப் பூசிவிட்டிருந்தது. அன்று முதல் கேமராப் பை மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழே, காற்றுப்படும் இடத்தில் தூங்கியது. பை வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்த பிறகுதான் அதைத் திறப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். லென்ஸைச் சுற்றி ஒரு பழைய காலுறையை வெட்டி மாட்டியதும் ஓரளவு உதவியது.

மறுநாள் திங்கட்கிழமை. கண்ணாடியில் பனி இல்லை. கடலின் மேல்தான் மேகம் இருந்தது. அடிவானத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கரும்மேகம் மதில் எழுப்பி நின்றது. அதற்கு மேலே வானம் தெளிவாக இருந்ததுதான் கொடுமை. மகம் நட்சத்திரத்துக்குச் சற்றுக் கீழே தேய்பிறை நிலா மெல்லிய நகக்கீறலாக, தன் இருண்ட பக்கமும் மங்கலாகத் தெரியும்படி எழுந்து வந்தது. அதைப் படமெடுத்தேன், அழகாகவே வந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பார்க்கப் போய் மாப்பிள்ளைத் தோழனைப் பார்த்துவிட்டு வந்த கதையாக இருந்தது.

இந்தக் கரையில் மேகத்தால் ஏமாந்தவர்களின் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல். வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தைக் கடக்கும் அரிய நிகழ்வை 1761-இல் புதுச்சேரியிலிருந்து பார்க்க அவர் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது அளவீட்டுக்கு உதவவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து என்பதால் கீழைக் கடல்களிலேயே காத்திருந்து, மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்துவிட்ட புதுச்சேரியில் 1768-இல் இறங்கி, ஆய்வகமும் அமைத்து ஆயத்தமாக இருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. அவர் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு அன்று நேர்ந்த நட்டம் அலுவலகத்துக்கு இருபது நிமிடத் தாமதம் மட்டுமே என்பதை நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

அக்டோபர் 2 மகாளய அமாவாசை. காந்தி ஜெயந்தி என்பதால் விடுமுறையும்கூட. அப்பா ஆண்டுதோறும் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சில்வர் பீச் என்கிற இதே தேவனாம்பட்டினக் கரைக்குத்தான் வருவார். சூரியன் எழுந்த பிறகு செய்யும் காரியத்துக்கு வழக்கமாக ஐந்தரை மணிக்குக் கிளம்புகிறவரை, நாலு மணிக்கே எழுப்பி வண்டியின் பின்னால் ஏற்றினேன். அவர் மடியில் எள்ளும் தர்ப்பையும் வைத்த மஞ்சள் பை, தோளில் என் முக்காலி. கொட்டாங்குச்சிகள் மஞ்சள் பைக்குள் இருப்பதைப் பார்த்து அவர் முகம் சுளித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ஒதுக்குப்புறமாகப் போக வழியில்லை. அமாவாசை என்பதால் அந்நேரத்திலேயே கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. ஐயர்கள் பாய் விரித்து இடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆங்காங்கே டார்ச் வெளிச்சம். கரையேற்றி வைத்திருந்த ஒரு ஃபைபர் படகு உயர்கம்ப விளக்குக்குக் குறுக்கே நிழல் தந்ததால், அதன் கடல்பக்கத்தில் முக்காலியை நாட்டினேன். படகுக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டே என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். வால்நட்சத்திரம் என்றேன். அது மூன்று நாளாக அங்கேதான் இருக்கிறது, கடலுக்குள்ளிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று, ரேஷன் கடை திறந்திருக்கிறது என்று சொல்லும் குரலில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். செயலியும் கணக்குமாக நான் மூன்று நாள் தேடியதை, விடியற்காலையில் கிழக்கைப் பார்த்தே பிழைக்கிற மனிதர் வேலையோடு வேலையாகப் பார்த்து வைத்திருந்தார்.

முதல் வேலை ஃபோகஸ். லென்ஸின் மேல் முடிவிலி என்று போட்டிருக்கும் குறியை நம்பக் கூடாது. என் 85 மி.மீ. லென்ஸில் உண்மையான முடிவிலி அந்தக் குறிக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே வந்துவிடுகிறது. தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, வானத்திலேயே பிரகாசமான சிரியஸ் விண்மீனை நோக்கிக் கேமராவைத் திருப்பி, திரையில் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மிக மெதுவாகத் திருக வேண்டும். வீங்கிய பந்தாகத் தெரியும் விண்மீன் சுருங்கிச் சுருங்கிக் கடுகாகும். இன்னும் திருகினால் மறுபடியும் வீங்கும். அந்தக் கடுகு நிலைக்குத் திரும்பி வந்து, வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட வேண்டும். டேப் ஒட்டாமல் விட்டு, கேமராவைக் கிழக்கே திருப்பும்போது கைபட்டு ஃபோகஸ் நழுவிய அனுபவம் எனக்கு 2020-இல் நியோவைஸ் வால்வெள்ளியின்போது வாய்த்தது. அந்தக் கதையை இங்கே நீட்ட விருப்பமில்லை.

ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. நகர்வைத் தொடரும் கருவி என்னிடம் இல்லை. 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும் என்றொரு வாய்பாடு உண்டு. சிறிய உணரி (சென்சார்) உள்ள என் பழைய கேனான் கேமராவுக்கு 85 மி.மீ. என்பது 136 மி.மீ. போலாகும் என்பதால், சுமார் மூன்றரை விநாடி கிடைக்கிறது. அது ஃபிலிம் காலத்துத் தாராளம். இன்றைய உணரிகளில் அதிலும் கோடு விழும் என்பதால் நான் 2 விநாடியோடு நிறுத்திக்கொண்டேன். லென்ஸின் திறப்பை எஃப் 2.2-லும், ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 1600-லும் வைத்தேன். இந்த எண்களை வைத்த பிறகு எனக்கு உஷர்வுட் நினைவு வந்தது. இங்கிலாந்தில் ஆள்களின் உருவப்படம் எடுத்துப் பிழைத்த அவர், 1858 செப்டம்பர் 27 அன்று எஃப் 2.4 லென்ஸை டொனாட்டி வால்வெள்ளியின் பக்கம் திருப்பி 7 விநாடி திறந்து வைத்தார். உலகில் முதன்முதலாகப் படத்தில் பதிந்த வால்வெள்ளி அதுதான். அந்தப் படம் இன்று இல்லை. ஆனால் 166 ஆண்டுக்குப் பிறகும் நான் ஏறக்குறைய அதே எண்களுக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.

4 மணி 55 நிமிடத்துக்கு எடுத்த படத்தில் முதலில் வால்தான் தெரிந்தது. தலை இன்னும் கலங்கலுக்குள் இருந்தது. கிழக்கிலிருந்து சற்றே தெற்காக, தூரத்துப் படகு விளக்குகளின் வரிசைக்கு மேலே, யாரோ சாக்பீஸை அழுத்தாமல் மேல்நோக்கி இழுத்ததுபோல் ஒரு கோடு. அடுத்தடுத்த படங்களில் அதன் அடியில் ஒரு முத்து திரண்டு மேலே வந்தது. ஐந்து பத்துக்கு அது அடிவானத்திலிருந்து ஒரு முட்டியளவுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருந்தது. வெறுங்கண்ணால் நேராகப் பார்த்தால் காணவில்லை. பார்வையை ஓரமாக நகர்த்தினால் மங்கலாக அங்கே இருந்தது. பைனாகுலரில் தலையும் வாலும் தெளிவாகத் தெரிந்தன.

அப்பாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார்.

“என்னடா இது, தொடப்பக் குச்சியாட்டம் இருக்கு. அன்னிக்கி நாங்க பார்த்தது தென்னங்கீத்தாட்டம் இருந்துது.”

அன்றைக்கு என்று அவர் சொன்னது 1970 பங்குனி. அப்போது அவருக்குப் பதினோரு வயது. நெல்லிக்குப்பத்துக்கு அருகே எங்கள் ஊரில், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சத் தாத்தா விடியுமுன் வயலுக்குப் போகையில் அவரையும் எழுப்பி அழைத்துப் போயிருக்கிறார். வரப்பில் நின்று பார்த்தபோது கிழக்கே பனைமரங்களுக்கு மேல் வெள்ளையாக ஒரு கீற்று நின்றதாம். அது பென்னெட் வால்வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும்; 1969 டிசம்பர் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலிருந்து பென்னெட் என்பவர் கண்டுபிடித்த அது, 1970 மார்ச் 20 அன்று சூரியனை நெருங்கிச் சுற்றிவிட்டு, மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் விடியற்காலை வானில் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. தாத்தா அதைப் பார்த்து ராஜாவுக்கு ஆகாது என்று சொன்னாராம். ராஜாவே இல்லாத நாட்டில் யாருக்கு ஆகாது என்று அப்பா கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்ததாம். இந்தக் கதையை அப்பா இதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் படமெடுப்பதை நிறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் எண்களை மாற்ற வேண்டியிருந்தது. முதலில் ஐஎஸ்ஓவை 800-க்கு இறக்கினேன், பிறகு 400, அதன் பிறகு ஷட்டரை ஒரு விநாடியாகக் குறைத்தேன். ஐந்து இருபத்தைந்துக்குப் பைனாகுலரிலும் அது கரைந்துவிட்டது. கேமரா மட்டும் இன்னும் நான்கைந்து நிமிடம் அதைப் பிடித்து வைத்திருந்தது. அதற்குள் அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஐயரை நோக்கி நடந்துவிட்டார்.

அன்று பகலிலேயே கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். இங்கேதான் வால்வெள்ளிப் படங்களைப் பற்றி எனக்குள்ள ஒரு மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து எடுத்த 36 படங்களை விண்மீன்கள் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், இருட்டில் படிந்திருக்கும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. 36-இன் வர்க்கமூலம் 6 என்பதே கணக்கு. சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் கடலையும் படகையும் தனியே அசையாமல் நிறுத்திவிட்டு வானத்தை மட்டும் அடுக்கித் தருகின்றன. இதில் பொய் எதுவும் இல்லை. எல்லா ஒளியும் அந்த வானத்திலிருந்து அந்த நிமிடங்களில் வந்ததுதான். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. இரைச்சல் குறைந்த படத்தில் வாலின் மங்கலான நுனியை மேலும் மேலும் இழுத்துப் பிரகாசமாக்க முடியும். கடலோர வெளிச்சத்தை நீலமாக்க முடியும். தலையைப் பச்சையாக்க முடியும். நான் ஒரு மணி நேரம் இழுத்துப் பார்த்ததில், என் துடைப்பக் குச்சி தென்னங்கீற்றாகவே ஆகிவிட்டது.

பக்கத்தில் ஒரே ஒரு படத்தைத் தனியாக, நிறச்சாய்வைச் சரிசெய்யும் வெண்சமநிலையை மட்டும் திருத்தி வைத்துப் பார்த்தேன். அதில் வால் ஏழெட்டு முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளத்துக்குத் தெரிந்து, பிறகு வெளுத்த வானத்தில் மறைந்துவிட்டது. தலை வெண்மஞ்சளாக இருந்தது. தூசு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அந்த ஒளியும் கடற்காற்றைக் கடக்கையில் சிவந்துவிடுகிறது, ஆகவே அது வேறு நிறமாக இருக்க நியாயமில்லை. அடுக்கிய படத்தை அழிக்கவில்லை. ஆனால் இழுத்த அளவை, பைனாகுலரில் பார்த்ததாக நான் சத்தியம் செய்யக்கூடிய அளவுக்குக் குறைத்தேன். கண்ணால் பார்த்தவர்கள் பக்கத்திலிருக்கும்போது இந்த ஒழுக்கம் தானாக வந்துவிடுகிறது. நடுராத்திரியில் தனியாக எடுக்கப்பட்ட படங்களைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

கேமராவுக்கும் வால்வெள்ளிக்குமான உறவில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது 1949-இல் வானத்தைப் பதிவு செய்த ஒரு கண்ணாடித் தகட்டில் புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். அது பாப்பு–போக்–நியூகிர்க் என்று பெயர் பெற்றது. ஜவ்வாது மலையில் காவலூர் வான்ஆய்வகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதற்கும் வெகு முன்னால், 1689 டிசம்பரில், புதுச்சேரியில் தங்கியிருந்த ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியில் தொடர்ந்துகொண்டிருந்தார். அது தென்வானில் ஆல்ஃபா சென்டாரியின் பக்கமாகப் போனபோது, அந்த விண்மீன் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கவனித்தார். நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விண்மீன்கள் உண்டு என்பதை உலகம் முதலில் அறிந்தது நம் கடற்கரையிலிருந்து என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் நான் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்கிறேன். வால்வெள்ளியைத் தேடிப் போகிறவர்கள் அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு வால்வெள்ளி சூரியனுக்கும் நமக்கும் நடுவே வந்தது. சூரியனுக்கு எதிரே பறக்கும் நூலாம்படை பளிச்சென்று மின்னுவதைப் போல, அதன் தூசு நம் பக்கமாக ஒளியைச் சிதறடித்ததால் அந்த நாட்களில்தான் அது உச்சப் பிரகாசம் அடைந்தது. சூரியனின் வெளிச்சத்தில் நம்மால் பார்க்க முடியவில்லை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனைக் கண்காணித்துக்கொண்டிருந்த சோஹோ விண்கலத்தின் படங்களில், மதிய உணவு இடைவேளையில் கைபேசியில் பார்த்துத் திருப்திப்பட்டேன். அக்டோபர் 12 அன்று பூமிக்கு 7 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்துவிட்டு, அது மாலை வானுக்கு மாறியது. மேற்கே வெள்ளிக் கோளுக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் இடையில் தேடினால் கிடைக்கும் என்று எல்லோரும் எழுதினார்கள். எங்களுக்குத் தேட வானமே இருக்கவில்லை. 15-ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அன்றைக்கே பௌர்ணமி வேறு.

20-ஆம் தேதி, ஞாயிறு மாலை, ஒரு இடைவெளி கிடைத்தது. புதுச்சேரி சாலையில் தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து, மேற்கு நோக்கி ஆற்றங்கரையில் நின்றேன். நிலா எழ எட்டு மணிக்கு மேலாகும் என்பதால் ஒரு மணி நேர இருட்டு கைவசம் இருந்தது. வால்வெள்ளி அதற்குள் விலகிப் போய் மங்கியிருந்தாலும், இப்போது முட்டிகளை அடுக்கினால் மூன்றுக்கு மேல் உயரத்தில், கலங்கலுக்கு வெளியே, சுத்தமான காற்றில் நின்றது. மேகங்கள் ரயில் பெட்டிகளாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள சந்தில்தான் படமெடுக்க முடிந்தது. 200-க்கும் மேற்பட்ட படங்களில் 41 தேறின. தொழில்நுட்பம் என்று பார்த்தால், விண்மீன்கள் கடுகாகவும் வால் நீண்டு மெலிந்தும் விழுந்த அந்தப் படங்கள்தான் நான் எடுத்தவற்றில் சிறந்தவை.

80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விருந்தாளி என்று பத்திரிகைகள் எழுதின. அதன் பாதை ஏறத்தாழத் திறந்தே இருப்பதால், அது திரும்புவதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதே சரி. அப்பாவிடம் இதைச் சொன்னேன். தென்னங்கீற்று திரும்பி வருமா என்று கேட்டார். அதற்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆகும் என்றேன். அப்படியானால் இதற்கு அது பரவாயில்லை என்றார்.

சென்ற வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் இரண்டு படங்களையும் அச்சிட்டு வந்தேன். ஆற்றங்கரைப் படத்தை அப்பா நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு ஒதுக்கி வைத்தார். கடற்கரைப் படத்தைத்தான் விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். அடியில் இடது மூலையில் மங்கலாகத் தெரியும் கருப்பு, தான் முழங்கை ஊன்றிய படகின் விளிம்பு என்பதை அவரே கண்டுபிடித்தார். வீட்டிலுள்ள எல்லாப் படங்களின் பின்பக்கத்திலும் செய்வதைப் போல, பால்பாயிண்ட் பேனாவால் பொறுமையாக எழுதினார்: குரோதி வருடம், புரட்டாசி 16, மகாளய அமாவாசை, தேவனாம்பட்டினம். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: வால்வெள்ளி, சிறியது.